அண்ணன் வீட்டுக் கோடி

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி அவிழ்ந்துவிட்டது. சத்யபிரியா அதை மறுபடி இழுத்து முடிச்சுப் போட்டாள். ஐஸ் பெட்டிக்காரர் கண்ணாடி மூடியைத் தூக்கிப் பிடித்தபடி, "மெதுவா கட்டுங்கம்மா, ஒன்னும் அவசரமில்ல" என்றார். அவளுக்கும் அவசரமில்லை. விடிகாலையில் மொக்கைச்சாமியின் மூச்சு நின்றதிலிருந்து அவளுக்கு அழுகையும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. கேதத்துக்கு வந்த பெண்கள் அழாத மகளை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது.

அம்மா ராமுத்தாய் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவளிடம் ஒரே பேச்சுதான்.

"எங்கண்ணன் வீட்டுக் கோடி வரட்டும். அதுக்கப்புறம் தண்ணி ஊத்துங்க."

தம்பி பழனிக்குமார் பல்லைக் கடித்தான். "எந்த அண்ணன்? ஒனக்குத்தான் கூடப்பொறந்தவுகளே இல்லையேம்மா."

"ஒனக்குத் தெரியாதாக்கும்."

அவனுக்குத் தெரியும். சேவுகம்பட்டிக்கே தெரியும். புருஷனைக் குளிப்பாட்டும் முன் பெண்ணின் அண்ணனோ தம்பியோ புதுத்துணி கொண்டுவந்து போர்த்த வேண்டும். அந்தக் கோடியைத்தான் அம்மா கேட்டாள். அண்ணன் என்று அவள் சொன்னது திண்டுக்கல் பேகம்பூர் சிக்கந்தரை.

முப்பது வருடத்துக்கு முன்னால் மொக்கைச்சாமி தோல் லாரியில் கிளீனர், சிக்கந்தர் டிரைவர். வடக்கே ஓர் ஊரில் உப்புத்தோல் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது ஊர் எரிந்துகொண்டிருந்தது. முதல் தெருவில் மறித்தவர்கள் இந்துக்களைத் தேடினார்கள். சிக்கந்தர் அதற்குள் கிளீனரைத் தோல்களுக்கு நடுவே படுக்கவைத்து மூடியிருந்தார். வெறும் தோல் என்று சொல்லி வண்டியை எடுத்தார். அடுத்த தெருவில் மறித்தவர்கள் முஸ்லிம்களைத் தேடினார்கள். இப்போது மொக்கைச்சாமி வெளியே வந்தார். வண்டியில் கிடந்த விபூதியை டிரைவரின் நெற்றியில் அப்பி, "இவரு என் மச்சான்" என்றார். அந்தப் பொய்யை இரண்டு பேரும் பிற்பாடு மெய்யாக்கிக்கொண்டார்கள். சத்யபிரியாவுக்குக் காது குத்தியது சிக்கந்தர் மாமாவின் மடியில் வைத்துத்தான்.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அப்பா ஓர் இடத்தில் நிறுத்தி, நான்கு விரல்களைச் சேர்த்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். "அம்புட்டு அவசரத்துலயும் மூக்குக்கு மட்டும் நாலு விரக்கடை எடம் விட்டு மூடுனான் என் மச்சான்."

இந்தக் கதையைப் படமாக்கப்போவதாகச் சொல்லி வந்த சினிமாக்காரர்களுக்கும் அப்படித்தான் காட்டினார். அவர்கள் பகல் முழுக்கக் கேட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். படம் வந்தது. அதில் டிரைவர் தானே இறங்கித் தார்ப்பாயை விலக்கிக் கிளீனரைக் காட்டிக்கொடுக்கிறான். கிளீனர் நெற்றி ரத்தத்தோடு சாகிறான். இரண்டாவது தெரு படத்திலேயே இல்லை. கடைசியில் மொக்கைச்சாமியின் போட்டோவைக் காட்டி, நேரில் கண்டவர் சொன்ன உண்மைச் சம்பவம் என்று எழுத்துப் போட்டார்கள்.

வத்தலக்குண்டு தியேட்டரில் அப்பா எழுந்து நின்று, "அப்பிடி நடக்கலய்யா" என்றார். பின்வரிசையிலிருந்து, "யோவ் பெருசு, உக்காரு, மறைக்குது" என்று சத்தம் வந்தது. உட்கார்ந்துவிட்டார். மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பேகம்பூர் போனார். சிக்கந்தரின் மகன் ரிஃபாத் கதவைப் பாதி திறந்து, "அத்தா தூங்குறாரு" என்றான். அவனுடைய வெல்டிங் பட்டறைச் சுவரில் யாரோ 'காட்டிக்கொடுத்தவன்' என்று கரியால் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா பழத்தோடு திரும்பி வந்தார். அந்தப் பழத்தை வீட்டில் யாரும் தொடவில்லை.

அடுத்த வருடம் எதிர்த்தரப்புக்கு வேண்டியவர்கள் இன்னொரு படம் எடுத்தார்கள். அதில் கிளீனர் டிரைவரை வெட்டுகிறான். முதல் தெரு அதில் இல்லை. ஆளுக்கொரு தெருவாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள் போலிருக்கிறது. அதை அப்பா பார்க்கப் போகவில்லை.

முதல் படத்தால் லாபம் பார்த்தவன் பழனிக்குமார் ஒருவன்தான். அந்தப் படத்தைக் கொண்டாடிய கட்சியின் மேடையில் அவனுக்கு நாற்காலி கிடைத்தது. இப்போதும் மடித்த கட்சிக் கொடி ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குளிப்பாட்டி முடித்ததும் அப்பா மேல் போர்த்தக் காத்திருந்தான்.

சத்யபிரியா காலையிலேயே ரிஃபாத்துக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. "மச்சான், அப்பா போயிட்டாரு. அம்மா மாமாவத் தேடுது" என்று பேசி அனுப்பினாள். கேட்டுவிட்டான் என்று போன் காட்டியது. பதில் இல்லை.

வெயில் ஏறியபோது ஒரு குட்டியானை வண்டியில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வந்து இறங்கியது. கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர் அழகுராஜா பக்கத்தில் நின்று, வாசலுக்கு எதிரே மின்கம்பத்தோடு கட்டச் சொன்னார். சத்யபிரியா எட்டிப் பார்த்தாள். மாவீரன் மொக்கைச்சாமி என்று ஆள் உயரத்துக்கு எழுத்து. அதன் கீழே நெற்றியில் ரத்தத்தோடு படத்தில் நடித்த நடிகர்.

"அண்ணே, அது எங்கப்பா இல்லையே" என்றாள்.

"தெரியும்மா. ஆனா இந்த மொகந்தான எல்லாருக்கும் தெரியும்? ஒங்கப்பா மூஞ்சிய எவனுக்குத் தெரியும்?"

அவர் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பழனிக்குமார் பிளக்ஸைப் பார்த்தான், வீட்டுக்குள் கண்ணாடிக்கு அடியில் இருந்த அப்பாவைப் பார்த்தான், பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். சத்யபிரியாவுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. ஐஸ் பெட்டி மட்டும் விடாமல் இரைந்துகொண்டிருந்தது.

"நேரம் ஆவுது. தண்ணிக்குப் போகலாமா?" என்று பந்தலில் கேட்டார்கள்.

"கோடி வரட்டும்" என்றாள் அம்மா.

"அவுக வரமாட்டாகம்மா."

"வராட்டி கெடக்கட்டும். நானும் இப்பிடியே கெடக்கேன்."

அப்போதுதான் ரிஃபாத் பந்தல் ஓரத்தில் வந்து நின்றான். கையில் ஜவுளிக்கடைப் பை. சத்யபிரியாவைத் தவிர யாரையும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சத்யா, அத்தா ஆட்டோவுலயே இருக்காரு. உள்ள வரலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

தெருமுனையில் ஆட்டோ நின்றது. அங்கிருந்து பார்த்தாலே பிளக்ஸ் தெரியும். அழகுராஜா பழனிக்குமாரின் தோளில் கை வைத்தார்.

"தம்பி, செத்த யோசிச்சுக்க. வெளிய இப்பிடி எழுதி வச்சுட்டு, உள்ள அந்தாளே கோடி போட்டா எவனாச்சும் வீடியோ எடுத்துப் போடுவான். அப்புறம் படமே பொய்யின்னு ஆயிரும்."

பழனிக்குமார் ரிஃபாத்திடம் கையை நீட்டினான். "பைய என்கிட்ட குடுத்துட்டுப் போ மாப்ள. நாங்க போட்டுக்கிறோம்."

ரிஃபாத் பையைக் கொடுக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

"பொய்தானடா" என்றாள் சத்யபிரியா. சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "பொய்தான. அப்பா தியேட்டர்ல எந்திரிச்சு நின்னு சொன்னாருல்ல?"

அம்மா கையை ஊன்றி எழுந்தாள். புருஷன் பிணத்தை விட்டு எழுந்து பெண்டாட்டி வாசல் தாண்டக் கூடாது. இரண்டு பெண்கள் பதறிப் பிடிக்கப் போனார்கள். அவள் அவர்கள் கையைத் தட்டிவிட்டு, அவிழ்ந்த தலைமுடியோடு தெருவில் இறங்கி ஆட்டோவரை நடந்தாள்.

"இங்கன உக்காந்துட்டு என்னண்ணே செய்ற? எம்புட்டு நேரமா ஒனக்காகக் கெடக்காரு."

சிக்கந்தருக்கு ஒரு பக்கம் கால் இழுத்துக்கொண்டது. தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிளக்ஸைக் கடக்கும்போது நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இது யாரு?" என்று கேட்டார்.

"யாரோ" என்றாள் ராமுத்தாய்.

வழியில் நின்ற பழனிக்குமார் ஒதுங்கிக்கொண்டான். பிறகு, ஏதோ நினைத்தவனாக, தலைமாட்டில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். கொடி கக்கத்திலேயே இருந்தது. சிக்கந்தர் நாற்காலியில் உட்காரவில்லை. ஐஸ் பெட்டிக்காரர் மூடியைத் தூக்கினார். குளிர்ந்த ஆவி வெளியே வந்தது.

ரிஃபாத் பையிலிருந்த புது வேட்டியைப் பிரித்து ஒரு முனையை அத்தாவின் கையில் கொடுத்தான். அவர் காலிலிருந்து மெதுவாகப் போர்த்திக்கொண்டு வந்தார். நெஞ்சுக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, கை நிற்காமல் முகத்தையும் மூடிவிட்டது.

"மொகத்த மூட வேணாம் பாய்" என்று யாரோ சொன்னார்கள்.

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. குனிந்து, நான்கு விரல்களைச் சேர்த்துத் துணிக்கு அடியில் மூக்கின் பக்கமாகக் கொடுத்தார். அந்த அளவுக்குத் துணியைத் தூக்கி, இடம்விட்டு, ஓரத்தைச் சுருட்டி அமுக்கினார். சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை விரலை வைத்துப் பார்த்தார்.

ஐஸ் பெட்டிக்காரர் மூடியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.