பெட்டிமேல் பச்சைப் பாக்கெட்

தைப்பே மின்னணுச் சாமான் சந்தையில் நான் கடை வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. சர்க்யூட் போர்டு சுடுகிறது என்று வருகிறவர்களிடம் எரிந்து விழுவேன். முதலில் கண்ணால் பார், பிறகு வந்து பேசு என்பேன். என் சொந்த அக்கா விஷயத்தில் மட்டும் நான் போய்ப் பார்க்கவே இல்லை.

அக்கா யுவே-சியாவுக்கு நரம்பு நோய். கைகள் இரண்டும் விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அடுத்தது தொண்டை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தான் தியென்-ஷெங் ஊட்டினால் அழுதுகொண்டேதான் சாப்பிடுவாள். "ஒருத்தர் என் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்தா எனக்கு இறங்கலடா" என்று போனில் சொன்னாள். தொண்டை போவதற்குள், வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் விருந்தில், எல்லோரோடும் வட்ட மேசையில் உட்கார்ந்து யார் கையும் படாமல் ஒரு கிண்ணம் மீன் கஞ்சி குடிக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அத்தான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பொழுதுபோகப் பொம்மை ரயில் கட்டுகிறவர். நான் அனுப்பிய ஆறு சர்வோ மோட்டார்களை வைத்து, ஜியாயி ஊரில் தங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே கரண்டி ஏந்தும் கை ஒன்றைச் செய்துவிட்டார். கன்னத்தால் பொத்தானை அழுத்தினால் போதும், அது கஞ்சியை மொண்டு வாய்வரை கொண்டுவரும். சாமான்களோடு வழக்கம்போல் ஒரு பச்சை சோளப்பொரி பாக்கெட்டும் அனுப்பியிருந்தேன். மெஷின் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் அதன்மேல் அது இருக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் அந்த நம்பிக்கை, ஆஸ்பத்திரி மெஷின் மேல்கூட இருக்கும்.

முதல் நாள் அக்கா நாலு வாய் குடித்தாள். ஐந்தாவது வாய் பாதி வழியில் நின்று நடுங்கி அவள் மடியில் கொட்டியது. மோட்டார்களை ஆட்டுவிக்கிற போர்டு கை வைக்க முடியாமல் கொதித்ததாம்.

அதற்குப்பின் மூன்று மாதம் போனிலேயே வைத்தியம் பார்த்தேன். மோட்டாருக்குத் தனி மின்சாரம் கொடுங்கள் என்றேன், கொடுத்தார். தடித்த வயர், லேசான கரண்டி, கடைசியில் புது போர்டே அனுப்பினேன். எதை மாற்றினாலும் ஐந்தாறு வாயில் கை நின்றது. ஒருதரம் நேரில் வந்துவிட்டுப் போயேன் என்று கேட்டார். வருஷக் கடைசி வியாபாரம், கடையை விட்டு நகர முடியாது என்று ஏதோ சொன்னேன். ரயிலில் ஏறினால் இரண்டே மணி நேரம். பாக்கெட் மேலே இருக்கிறதா, தேதி தாண்டவில்லையே என்று மட்டும் மறக்காமல் விசாரிப்பேன். இருக்கிறது என்பார்.

விருந்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்காவுக்குப் புரையேறி மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் வயிற்றில் குழாய் வைத்து அனுப்பினார்கள். இனி வாய் வழியே சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. பேச்சும் போய்விட்டது.

விருந்தன்று காலையில் போய்ச் சேர்ந்தேன். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். போர்டு இருந்த சின்னப் பெட்டியின் மூடியில் சூடு வெளியேறத் துளைகள் உண்டு. அதில் ஒன்றுகூடத் தெரியாமல் மூன்று பச்சைப் பாக்கெட்டுகளை நெருக்கி அடுக்கி, சரியாமல் டேப் ஒட்டியிருந்தது.

"ஒண்ணு போதலையோன்னு மூணா வெச்சேன் மாப்ள. தேதியெல்லாம் பாத்துத்தான் வாங்கினேன்" என்றார் அத்தான்.

பிய்த்து எடுத்தேன். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பொத்தானை அழுத்தினேன். பத்து வாய், இருபது வாய், கை ஓடிக்கொண்டே இருந்தது. போர்டில் விரலை வைத்தால் வெதுவெதுப்புதான். வயர் தளர்ந்திருந்தது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவர் பாக்கெட்டுகளை எடுத்து, கடைசியில் பேச்சைக் கேட்டுவிட்டது பார் என்று மெஷினைத் தட்டிக்கொடுத்துவிட்டு மறுபடியும் பெட்டிமேல் வைக்கப் போனார்.

"வைக்காதீங்க அத்தான். அதனாலதான் சுட்டுச்சு. வைக்கச் சொன்னவன் நான்தான்."

அவர் தேதியைத் தேடுகிறவர்போல ஒரு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் எழுத்துப் பலகையைப் பிடிக்க, கண்ணால் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினாள். விருந்தில் என்னைத் தன் இடத்தில் உட்கார வைக்கச் சொன்னாள்.

சாயங்காலம் எல்லோரும் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். என் முன்னால் அந்தக் கை, ஒரு கிண்ணம் மீன் கஞ்சி. எதிரே சக்கர நாற்காலியில் அக்கா. கன்னத்தால் அழுத்தினேன், கரண்டி வந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது வாய்க்குமேல் எனக்கு இறங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் மறுபடியும் பலகையைப் பார்த்தாள். அத்தான்தான் படித்துச் சொன்னார்.

"முழுக்கக் குடிடா. நான் பாக்கணும்."

அழுதுகொண்டே முழுக்கக் குடித்தேன். கை ஒரு இடத்திலும் நிற்கவில்லை.