எனக்கென்று ஒரு பிரேக்

கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பது என் தொழில். பயிற்சிக் காரில் என் பக்கத்திலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. பதினான்கு வருடமாக அதை மிதித்து மிதித்து என் வலது காலுக்கு வேறு வேலையே தெரியாமல் போய்விட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிப்பேன். சினிமாவில் யாராவது ஓடினாலும் மிதிப்பேன்.

என் மகளுக்குப் பதினெட்டு முடிந்தது. முதல் பாடத்தில் அரை மணி நேரத்துக்குள் நாற்பது தடவை காரை நிறுத்திவிட்டேனாம். எண்ணியது அவள்தான். இறங்கிக் கதவை அறைந்து சாத்தியவள், எதிர்வரிசைப் பயிற்சிப் பள்ளியில் சேரப்போவதாகச் சொன்னாள். அதை நடத்துகிற ஆள் ஏற்கெனவே என் மாணவர்களைக் கொத்திக்கொண்டு போகிறவர். பெற்ற பெண்ணே அங்கே போனால், நான் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

“பிரேக்கே இல்லாத ஒண்ணுல ஏறிக் காட்டும்மா. ஸ்கேட்டிங் அரங்கத்துல, கம்பியைப் பிடிக்காம ஒரே ஒரு சுத்து. அப்புறம் உன்கிட்டயே கத்துக்கறேன்.”

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் இரண்டு காலையும் விட்டேன், அதுவும் சக்கரம் கட்டி.

அங்கே சொல்லிக் கொடுக்கிற அம்மாவைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பப் பார்த்தேன். என்னிடம் படித்து, லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்றவர். நான் அவரைத் திட்டாத திட்டில்லை. அவரோ வாயெல்லாம் பல்லாக வந்து, என் கையைப் பிடித்து நடு அரங்கத்துக்குக் கூட்டிப் போய் விட்டுவிட்டார்.

உருண்டேன். வேகம் கூடியது. இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தேன். நிற்பதற்குப் பதில் பம்பரமாகச் சுற்றி, பொத்தென்று உட்கார்ந்தேன். எழுந்தேன், மறுபடி மிதித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். விழுந்ததென்னவோ நான்தான்.

“மிதிக்காதீங்க மேடம். பயம் வந்தா முட்டிய மடக்கிட்டு முன்னாடி பாருங்க. அவ்வளவுதான்,” என்றார் அந்த அம்மா. ஒரு திட்டுகூட இல்லை.

நான்காவது ஞாயிற்றுக்கிழமையும் பயம் வந்தது. முட்டியை மடக்கினேன். பயம் போகவில்லை, கூடவே வந்தது. இரண்டு பேருமாக ஒரு சுற்றை முடித்தோம். நிறுத்தத் தெரியாமல் இன்னும் இரண்டு சுற்று போனேன். ஐந்து வயதுப் பிள்ளைகளெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். கூச்சமே இல்லாமல் கத்தினேன்.

மறுநாள் காலை மகள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கால் பழைய புத்தியைக் காட்டிவிடுமோ என்று நான் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சீட்டிலேயே சம்மணம் கட்டி உட்கார்ந்தேன். காலி மைதானத்தை மெதுவாகச் சுற்றினோம். திருப்பத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. கார் குலுங்காமல் நின்றது. நாய் எங்களை ஏற இறங்கப் பார்த்தது.

மகள் முறைத்தாள். “மறுபடி மிதிச்சிட்டியாம்மா?”

நான் மடித்த கால்களைக் காட்டினேன். அவற்றைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

“அப்போ நிறுத்தினது நானா?”

அதற்குப் பிறகு அவள் ஹாரனை அடித்த அடிக்கும், நான் சீட்டில் குதித்த குதிக்கும் அந்த நாய்தான் சாட்சி.