எடுத்தால் பிஸ்கட்

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. மூத்தோர் மன்றத்துக்கு அவர் வருகிற நாளில் மாடிப்படியில் முதலில் சத்தம் ஏறி வரும், அப்புறம்தான் ஆள் வருவார். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்வளவு இடம் காலியா கெடக்கு பாருங்க" என்று நாற்காலி உடற்பயிற்சிக்கு வந்தவர்களை எல்லாம் தள்ளித் தள்ளி உட்கார வைப்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே நகர்வார்கள். காலமெல்லாம் பஸ்ஸில் கத்திப் பழகின தொண்டை, வீட்டில் சுவரோடு எவ்வளவு நேரம்தான் பேசும்?

மன்றம் என்றால் ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நூலகத்துக்கு மேலே ஒரு நீள அறை. சுவரோரம் அடுக்கின பிளாஸ்டிக் நாற்காலிகள், வெந்நீர் கெட்டில், மூலையில் ஒரு கேரம் போர்டு. ஒரு நாள் உடற்பயிற்சி, ஒரு நாள் பாட்டு, ஒரு நாள் யாராவது டாக்டர் வந்து சர்க்கரையைப் பற்றிப் பேசி வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டுப் போவார். அவர் படி இறங்கியதும் எல்லோரும் கிரீம் பிஸ்கட் பிரிப்பார்கள். இதையெல்லாம் நடத்துகிறவளுக்கு இவர்களுடைய மகள் வயதுதான். ஆனாலும் எல்லோருக்கும் அவள் மேடம்.

அந்த மேடம் கொண்டுவந்த ஏற்பாடுதான் சங்கிலி. பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீட்டில் தனியாகக் கிடக்கிறவர்கள்தான் மன்றத்தில் அதிகம். யாராவது விழுந்து கிடந்தால் வெளியே தெரிய வேண்டாமா? அதனால் ஒவ்வொருவரும் காலையில் எழுந்ததும் தனக்கு அடுத்தவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். 'எழுந்துட்டேன், நல்லா இருக்கேன்' என்று அதற்கு அர்த்தம். கம்பவுண்டர் கண்டக்டருக்குக் கொடுப்பார், கண்டக்டர் டீச்சரம்மாவுக்கு, அப்படியே போய்க் கடைசியில் மேடத்துக்கு. யாருக்காவது வரவில்லை என்றால் உடனே மேடத்திடம் சொல்ல வேண்டும்.

போனை எடுக்கக் கூடாது என்ற சட்டம் மட்டும் கண்டக்டர் போட்டது. டீச்சரம்மா எடுத்தால் விடமாட்டார். முழங்கால் வலியில் ஆரம்பித்து மருமகள் வரைக்கும் வந்துதான் வைப்பார், அதற்குள் கண்டக்டரின் டீ ஆறிப்போகும். "இனிமே எவனாவது எடுத்தா, அன்னிக்கு மன்றத்துக்கு மொத்த பிஸ்கட்டும் அவன் செலவு" என்று கண்டக்டர் ஒரு நாள் சட்டம் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டினதே அவர்தான்.

மாட்டிவிட்டது கம்பவுண்டர். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்துக்கொண்டிருந்த மனுஷன், பார்த்தால் பரம சாது. எல்லோரையும் 'வாங்க, போங்க' என்பார், மேடத்தைப் பார்த்தால் எழுந்து நிற்பார். கண்டக்டரிடம் மட்டும்தான் அவருக்கு 'டா'. ஒரு நாள் காலையில் மிஸ்டு கால் கொடுக்கிறவர் கட் பண்ணாமல் அடிக்க விட்டுவிட்டார். என்னமோ ஏதோ என்று கண்டக்டர் எடுத்தால், அந்தப் பக்கம் ஒரே கூத்து. "எடுத்துட்டியா! எடுத்துட்டியாடா! பிஸ்கட்டு!" அன்றைக்கு மன்றமே கண்டக்டர் காசில் தின்றது. அதற்கப்புறம் இன்னொரு தரமும் ஏமாந்தார். மூன்றாவது தரம் ஏமாந்தால் தன் பெயரை மாற்றிக்கொள்வதாக எல்லோர் முன்னாலும் சவால் விட்டார்.

மன்றத்தில் நடந்த கேரம் போட்டியில் இறுதி ஆட்டம் அவர்கள் இரண்டு பேருக்கும்தான் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் பயிற்சி ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது கம்பவுண்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்குக் காலைல உன்னை எடுக்க வைக்கிறேனா இல்லையான்னு பாரு. பிஸ்கட்டு உன்னுது, கோப்பை என்னுது."

"தலைகீழா நின்னாலும் நடக்காது. போய்க் குப்புறப் படுத்துத் தூங்கு, போ."

இதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்ட பேச்சு. இது தெரிந்திருந்தால் கொஞ்சம் நல்லதாகப் பேசியிருக்கலாம். யாருக்குத் தெரிகிறது?

காலையில் கண்டக்டர் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, போட்டிக்குப் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது. ஒரு அடியோடு நிற்க வேண்டியது, நிற்கவில்லை. அடித்து அடித்துத் தானாக ஓய்ந்தது. "ஆரம்பிச்சுட்டான்யா" என்று கண்டக்டர் தனியாகச் சிரித்தார். தன் பங்குக்கு டீச்சரம்மாவுக்கு மிஸ்டு கால் கொடுத்தார். கொடுத்து முடிப்பதற்குள் மறுபடி அடித்தது. டீயை வடிகட்டும்போது அடித்தது. "கத்துடா, நல்லாக் கத்து" என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்தார். தலையணைக்கு அடியிலும் அது விடவில்லை. கடைசியில் சிவப்புப் பட்டனை அமுக்கிக் கட் பண்ணினார். அப்புறம் அடிக்கவில்லை. தோற்றுவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். டீ அன்றைக்கு ருசியாகத்தான் இருந்தது.

மன்றத்தில் போர்டுக்கு மாவு தூவித் தயாராக வைத்திருந்தார்கள். கம்பவுண்டரைக் காணோம்.

"சங்கிலி ஒழுங்கா வந்துச்சா ஐயா?" என்று மேடம் கேட்டாள்.

"வந்துச்சாவா? ஒண்ணுக்கு நாலா வந்துச்சு மேடம்! நான் யாரு, அசைவேனா? எடுக்க வைக்க முடியலேன்னு மூஞ்சியக் காட்ட வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்திருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். பாட்டுக்காரர்கள் ஒரு பாட்டைப் பாடி முடித்தார்கள். கெட்டிலில் வெந்நீர் இரண்டு தரம் கொதித்தது. கண்டக்டர் தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். அடித்துக்கொண்டே இருந்தது, அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. "பழிக்குப் பழி வாங்கறார்" என்று டீச்சரம்மா சொன்னார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டர் மட்டும் எழுந்துவிட்டார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினார்.

கம்பவுண்டர் குடியிருப்பின் காவலாளியிடம் மாற்றுச் சாவி இருந்தது. கதவைத் திறந்தால், கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் கம்பவுண்டர் தரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. இடது கைக்குப் பக்கத்தில் போன். கண் திறந்திருந்தது, இவரைப் பார்த்தது. "டேய்" என்று கண்டக்டர் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸுக்குக் காவலாளிதான் சொன்னார்.

விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பிவிடுகிற மகளுக்குக் கம்பவுண்டர் ஏன் கூப்பிடவில்லை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. மகள் வேலை செய்கிற தொழிற்சாலையில் உள்ளே நுழையும்போதே போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். ஒரு கை விழுந்துபோன மனுஷன் நம்பர் தேடிக்கொண்டா இருப்பார்? பச்சைப் பட்டனை இரண்டு தரம் அமுக்கினால் கடைசியாகக் கூப்பிட்ட ஆளுக்குப் போகும். அந்த ஆள் தினமும் கண்டக்டர்தான்.

"எப்ப ஆரம்பிச்சது?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"காலைல. நான் டீ போடும்போது."

"நீங்க கூட இருந்தீங்களா?"

"இல்ல... போன் வந்துச்சு."

டாக்டர் கையிலிருந்த சீட்டில் ஏதோ எழுதினார். "அப்பவே வந்திருந்தா ஒரு ஊசி இருக்கு, போட்டிருக்கலாம். இப்ப அந்த நேரம் தாண்டிடுச்சு. உயிருக்குப் பயமில்ல. பேச்சு வருமான்னு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கண்டக்டர் அந்த வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிஸ்டு கால் வராவிட்டால் என்ன செய்வது என்று எல்லோரும் கூடி யோசித்திருந்தார்கள். திரும்பத் திரும்ப வந்தால் என்ன செய்வது என்று ஒரு மண்டைக்கும் தோன்றவில்லையே!

மகள் வேலைச் சீருடையோடு ஓடி வந்தாள். வந்ததும் இவர் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். "மாமா, நீங்க மட்டும் போய்ப் பாக்கலேன்னா நான் சாயங்காலம் வந்து..." என்று சொல்லும்போதே அழுதாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் கண்டக்டர் வாயைத் திறந்தார். அத்தனை பேரை அதட்டி உருட்டின வாய், அன்றைக்கு ஒரு சொல் உதவவில்லை. அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மன்றத்தில் அடுத்த கூட்டத்தில் மேடம் மைக் பிடித்தாள். சங்கிலி ஒரு உயிரைக் காப்பாற்றியது என்றாள், கண்டக்டர் ஐயா மட்டும் இல்லாவிட்டால் என்றாள். கண்டக்டர் எழுந்து, "இல்ல மேடம், நான் ஒண்ணுமே பண்ணல. நான் பண்ணலங்கறதுதான் விஷயமே" என்றார். எல்லோரும் இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். தன்னடக்கம் என்று டீச்சரம்மா பக்கத்திலிருந்தவரிடம் மெச்சினார். நேராக உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டேன் என்கிற கூட்டத்தை என்ன செய்வது? அவர் உட்கார்ந்துவிட்டார்.

கம்பவுண்டரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று தெரிந்தும் கண்டக்டர் போகவில்லை. கால் வலி என்றார், தடுமன் என்றார். கடைசியில் மகளே வந்து வாசலில் நின்றாள். "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க மாமா. அப்பா ஒண்ணு கேக்கறாரு, எனக்குப் புரியல. உங்களுக்குத்தான் அவர் மனசு தெரியும்." அதற்கு மேல் என்ன சாக்கு சொல்வார்?

கம்பவுண்டர் ஜன்னலோரம் நாற்காலியில் தலையணை அண்டக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் முகத்தில் பாதி மட்டும் மலர்ந்தது.

"எடுடா" என்றார்.

கண்டக்டருக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது.

"இதான் மாமா, இந்த ஒரு வார்த்தைதான் வருது" என்றாள் மகள். "கண்ணாடிய எடுத்துக் குடுத்தேன், துண்ட எடுத்துக் குடுத்தேன், அம்மா போட்டோவ எடுத்துக் காட்டினேன். எல்லாத்துக்கும் 'எடுடா'தான். கேரம்ல சிவப்புக் காய எடுக்கச் சொல்றாரோன்னு உங்க மேடம் போர்டையே தூக்கிக்கிட்டு வந்தாங்க. அதுவும் இல்ல. எங்கம்மாவைக்கூட 'நீங்க'ன்னு கூப்பிட்ட மனுஷன், ஊசி போட வர்ற அக்காவ 'டா' போடறாரு. இவர் வாயில 'டா' வந்து நான் கேட்டதே கிடையாது. எதை எடுக்கச் சொல்றாரு மாமா? உங்களுக்காவது புரியுதா?"

புரியாமல் என்ன! இந்த உலகத்தில் அது புரிகிற ஒரே ஆள் அவர்தான். தெரியவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் இனி ஆயுசு முழுக்க வீட்டிலுள்ள சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து நீட்டிக்கொண்டிருப்பாள்.

"போனம்மா" என்றார் கண்டக்டர். "போனை எடுக்கச் சொல்றான். என்னைச் சொல்றான்."

எல்லாவற்றையும் சொன்னார். பிஸ்கட், சவால், தலையணை, சிவப்புப் பட்டன், எதையும் விடவில்லை. மகள் கையில் இருந்த துண்டோடு கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மணி அடிச்சது உங்களுக்குக் கேட்டுச்சா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"கேட்டுச்சும்மா. சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். போகும்போது அவரைப் பார்க்கவில்லை.

கண்டக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சிநேகிதனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். "நீ விளையாடறேன்னு நெனச்சேன்டா. சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

"எடுடா."

"திட்டறதா இருந்தா நல்லாத் திட்டிடு. கேட்டுக்கறேன்."

"எடுடா."

"மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

கம்பவுண்டர் இடது கையைத் தூக்கினார். அது ஆடிக்கொண்டே வந்து கண்டக்டரின் ஈரக் கன்னத்தில் பட்டு, அங்கேயே நின்றது. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. உதட்டைக் கோணி, பாடுபட்டு, ஏதோ பெரிதாகச் சொல்ல எத்தனித்தார். "எடு... எடுடா" என்றுதான் வந்தது. தேற்றுகிறானா, குத்திக் காட்டுகிறானா, இல்லை தண்ணீர்தான் கேட்கிறானா? திட்டினாலும் இதுதான், மன்னித்தாலும் இதுதான் என்றால் பாவப்பட்ட கண்டக்டர் எதை என்னவென்று எடுத்துக்கொள்வார்?

"எடுக்கறேன்டா" என்றார் கண்டக்டர். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுக்கறேன்டா, எடுக்கறேன்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.