சூடம் காட்டிய லேபிள்

பலகாரக் கம்பெனி முதலாளி தேனப்பனுக்கு லேபிளில் வெள்ளை இடம் இருந்தால் பொறுக்காது. காசு கொடுத்து வாங்கிய தாள் சும்மா கிடக்கலாமா? போன மாதம் பார்கோடை ஒட்டி இந்தப் பக்கம் ஒரு வேல், அந்தப் பக்கம் ஒரு மயில் என்று நிறுத்திவிட்டார். மதுரை சூப்பர் மார்க்கெட்டின் ஸ்கேனருக்கு அவ்வளவு பக்தி இல்லை. மணகோலமும் சீப்புச்சீடையும் போன வண்டியிலேயே காரைக்குடிக்குத் திரும்பி வந்தன. பழி, லேபிள் அடிக்கும் சத்தியப்பிரியாவின் தலையில் விழுந்தது.

“இந்தத் தடவையும் திரும்புச்சுன்னா திங்கக்கிழமை நீ வர வேணாம்த்தா” என்றார்.

அவள் வீட்டு அடுப்பு எரிவதே அந்தச் சம்பளத்தில். சாமி படங்களைத் தூக்கிவிட்டு, பார்கோடுக்கு இருபுறமும் தாராளமாக இடம் விட்டு அடித்தாள். இருபத்துநாலு பெட்டி தயார். சூப்பர் மார்க்கெட் ஆள் இனாமுல் ஹசன் காலையில் வந்து ஸ்கேன் செய்து பார்த்துத்தான் வண்டியில் ஏற்றுவார்.

அவர் வருவதற்குள் தேனப்பன் சூடத்தட்டோடு வந்தார். லேபிளிலிருந்து சாமியை இறக்கிய தோஷம் கழிய வேண்டாமா? திறந்திருந்த ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று சுற்று, பாக்கெட்டை உரசுகிற மாதிரி.

“தள்ளிக் காட்டுங்க முதலாளி, சூடு பட்டா…”

“சாமி காரியத்துல குறுக்க பேசாத.”

அந்தத் தாளுக்கு மை கிடையாது. மெஷின் சூடு வைக்கிற இடம் கறுத்துத்தான் கோடு விழும். மெஷின் சூடா, சாமி சூடா என்றெல்லாம் அது பேதம் பார்ப்பதில்லை.

ஹசன் பெட்டிக்கு ஒன்றாக மேலிருந்த பாக்கெட்டை எடுத்து ஸ்கேனரைக் காட்டினார். ஒன்றும் சத்தம் கொடுக்கவில்லை.

“என்னங்க இது, பூராம் தீஞ்ச தோசையா இருக்கு?”

தேனப்பன் அவள் பக்கம் திரும்பினார். “என்னத்தடி அடிச்சு வச்சிருக்க?”

“நீங்க காட்டுன சூடந்தான் முதலாளி.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெட்டிக்குள் கையை விட்டு அடியிலிருந்த பாக்கெட்டை உருவி ஹசனிடம் நீட்டினாள்.

“இத அடிச்சுப் பாருங்கண்ணே.”

கீக். அடுத்த பெட்டியிலும் கீக். அடியில் இருந்த அத்தனையும் கீக்.

“மேல் வரிசைக்கு மட்டும் புதுசா ஒட்டிக் குடுங்க, ஏத்திக்கிறேன்” என்றார் ஹசன்.

தேனப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பாத்தீகளா? சூடம் காட்டப் போயித்தான் அடியில உள்ளது பூராம் தப்பிச்சிச்சு!”

சத்தியப்பிரியாவைத் திங்கட்கிழமையும் வரச் சொல்லிவிட்டார். வரும்போது ரெண்டு டப்பா சூடம் வாங்கிவரவும் சொன்னார்.