எழுத்துக்கு நாற்பது

ஒரு மனிதனின் பெயருக்கு என் கடையில் விலை, எழுத்துக்கு நாற்பது. கொம்புக்கும் காலுக்கும் தனிக் காசு கிடையாது. அது என் தாராளம். பெற்றவர்கள் மாதக்கணக்கில் சண்டை போட்டு வைத்த பெயரானாலும், நேற்று மைதானத்தில் முளைத்த பட்டப்பெயரானாலும், சட்டையின் முதுகில் ஏறும்போது எழுத்துக் கணக்குத்தான். தாத்தா துணி வியாபாரி, அப்பா பட்டன் வியாபாரி. தண்ணீர் கேட்டால்கூட "முழு டம்ளரா, பாதி போதுமா?" என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவன் நான்.

கடை மைதானத்தின் பின்வாசலுக்கு எதிரே. எங்கள் கால்பந்து கிளப்பின் ஜெர்சி தொங்கும்; யார் பெயர் வேண்டுமோ அந்த எழுத்துகளை மெஷினில் வெட்டி, சூடான தகட்டுக்குக் கீழே வைத்து அழுத்திக் கொடுப்பேன். ஆட்டக்காரன் வேறு கிளப்புக்குப் போய்விட்டால் அதே ஆட்கள் அதே சட்டையைக் கொண்டு வந்து, "அந்தத் துரோகியை எடுத்துடுங்க" என்பார்கள். எடுக்கப் பாதி விலை. சூடு காட்டி, இடுக்கியால் பிடித்து இழுத்தால் எழுத்து தோல் மாதிரி உரிந்து வரும். ஆனால் பெயர் போகாது. எழுத்து இருந்த இடம் வேறு நிறத்தில் தெரியும். நாங்கள் அதை நிழல் என்போம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். வாங்குகிறவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுவேன். சொல்லாமல் விற்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

கடைப் பேச்சில் ஆட்டக்காரர்களுக்குப் பெயர் கிடையாது, எழுத்து எண்ணிக்கைதான். மூணு, அஞ்சு, ஒம்போது என்போம். இது ஏழின் கதை.

ஏழு எங்கள் ஊர்ப் பையன். முதல் முதலாக அவன் முதுகுக்குப் பெயர் ஒட்டியதும் நான்தான். கோல் போட்டால் எங்கள் கேலரி அவனுக்கென்று ஒரு பாட்டு பாடும். பெயரை இழுத்துப் பாடி, நாலு தட்டு தட்டி, ஒரு மூச்சு நிறுத்துவோம். அந்த நிசப்தத்தில் எங்கள் வரிசையிலிருந்து ஒரே ஒருவர் ஊளையிடுவார். ஆம்புலன்ஸ் தோற்கும். அதனாலேயே அவர் பெயர் சைரன். சைரன் ஊளையிட்டதும் ஏழு திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி அவர் நாற்காலியைக் காட்டுவான். கேலரி இடியும்.

கோப்பை ஜெயித்த அன்று, ஏழு குடித்துவிட்டுத் தன் புதுக் காரில் ஏறினான். வாசலில் நின்ற சைரனுக்குத் தான் போட்டிருந்த சட்டையையே கழற்றிக் கொடுத்து, "வாங்கண்ணே, ஒரு ரவுண்டு" என்றான். சைரன் தன் பழைய ஜெர்சியைக் கழற்றி மீட்டர் என்று நாங்கள் கூப்பிடும் டாக்ஸிக்காரனிடம் எறிந்துவிட்டு, அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். பாலத்துச் சுவரில் போய் மோதினார்கள். ஏழு நொண்டிக்கொண்டே வெளியே வந்தான். சைரன் வரவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டை யாரும் பாடவில்லை. ஆனால் மற்ற எந்தப் பாட்டிலும் நாலாவது தட்டுக்குப் பிறகு அந்த ஒரு மூச்சு விழுகிறது. யாரும் அதை நிரப்புவதில்லை. புதிதாக வருகிறவர்கள் அதுதான் தாளம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஏழு ஜெயிலுக்குப் போனான், வந்தான், எங்கோ ஒரு சின்ன கிளப்பில் ஆடினான். போன சீசனில் நாங்கள் கடைசி இடத்தில் கிடந்தோம். ஒரு ஞாயிறு மத்தியானம், மழை, கிளப் செயலாளர் எனக்குப் போன் போட்டார்.

"ஏழு சும்மா இருக்கான். அடிமாட்டு விலை. ரசிகர் சங்கம் சரின்னா கையெழுத்து, இல்லைன்னா விட்டுடறோம்."

சாமர்த்தியம். திட்டு விழுந்தால் எங்கள் தலையில் விழும். அவர் தொப்பி நனையாது. சங்கம் என்றால் நாலு பேர்: நான், மீட்டர், அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, அப்புறம் சைரனின் மனைவி. எல்லோருக்கும் அவர் அண்ணி. கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை. சைரனின் உறுப்பினர் அட்டை அவர் பெயருக்கு மாறியிருந்தது. ஒவ்வொரு மேட்சுக்கும் வருவார். இரண்டு சீட்டுக்கும் பணம் கட்டுவார். பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். கூட்டம் பிதுங்கும்போதும் அதைச் சுற்றித்தான் நடப்போம், சைரனின் முழங்கால் அங்கே இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி.

என் கடையில் கூடினோம். அண்ணி வருவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

"தண்டனை முடிஞ்சாச்சு. கோர்ட்டே விட்டுடுச்சு, நீ விடமாட்டியா?" என்றான் மீட்டர்.

"கோர்ட்டுக்கு டியூட்டி முடிஞ்சுடுச்சு. எனக்கு முடியல," என்றாள் நர்ஸ். "அன்னிக்கு ரெண்டு பேரையும் உள்ளே கொண்டு வந்தப்ப நான்தான் இருந்தேன். நடுவுல ஒரு திரை. இந்தப் பக்கம் உட்கார்ந்துகிட்டு, 'கால் சரியாயிடுமா சிஸ்டர், மறுபடி ஆட முடியுமா'ன்னு கேட்டான். திரைக்கு அந்தப் பக்கம் என்ன ஆச்சுன்னு கேக்கவே இல்ல."

"அதிர்ச்சியில இருந்திருப்பான்மா."

"அதிர்ச்சியில கால் மட்டும் ஞாபகம் இருந்துச்சாக்கும்."

"மனுஷனுக்கு ரெண்டாவது வாய்ப்புன்னு ஒண்ணு வேணாமா?"

"தாராளமா குடு. உன் டாக்ஸி சாவியை அவன்கிட்ட குடு, ஓட்டட்டும். பக்கத்து சீட்ல நீ உட்காரு."

மீட்டர் மேஜையில் கிடந்த வெட்டுத் துண்டுகளை விரலால் கிளறினான். "நான் ஒண்ணும் அவனுக்காகப் பேசல. நாம கீழ் டிவிஷனுக்கு இறங்கினா இந்த கேலரியை மூடிடுவாங்க. போன வாரம் நம்ம ஆள் அடிச்ச பந்து கார்னர் கொடியில பட்டுச்சு. கோலுக்கு அடிச்ச பந்து! கேலரி போனா அண்ணிக்கு அந்த ரெண்டு நாற்காலி எங்க இருக்கும், சொல்லு."

நான் வியாபாரியாக ஒரு வார்த்தை போட்டேன். "சேதாரம் உள்ள சரக்கை விலை குறைச்சு வாங்கறது தப்பில்ல. எங்க சேதம்னு தெரிஞ்சு வாங்கணும், அவ்வளவுதான்."

"இங்க சேதமானது சரக்கு இல்ல முதலாளி," என்றாள் நர்ஸ். "வாடிக்கைக்காரர்."

அப்போது அண்ணி குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். அதிலேயே அவருக்குப் புரிந்திருக்கும். விஷயத்தைச் சொன்னேன். பேரத்தில் பழுத்த நாக்கு, ரொம்ப நைசாகவே சொன்னது. "நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் அண்ணி முடிவு. நாங்க மறுபேச்சு பேசமாட்டோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெரிய மனசு உங்களுக்கு. வேணாம்னு சொல்லி கிளப் இறங்கினா அது என் தலையில. சரின்னு சொன்னா அவன் போடற ஒவ்வொரு கோலும் என் கையெழுத்து. நீங்க நிம்மதியா எழுந்து கை தட்டலாம். அப்படித்தானே?"

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எனக்கு வேண்டியது ஒண்ணுதான். என் இடத்துல நான் உட்காரணும். அவர் எனக்கு வேற எங்கேயும் இல்ல. வீட்ல இல்ல, கல்லறையில இல்ல. அந்த நாற்காலியிலதான் இருக்கார். அவன் வந்தப்புறமும் நான் அங்க உட்கார முடியுமான்னு எனக்குத் தெரியல. அதை உங்களால கண்டுபிடிச்சு சொல்ல முடியாது. ஓட்டு போடுங்க. நான் போடல."

மீட்டர் கை தூக்கினான். நர்ஸ் மாட்டேன் என்றாள். மிச்சம் நான். கேலரியை நினைத்தேன் என்று சொல்லலாம். ஏழெழுத்தை நாற்பதால் பெருக்கி, அதை ஊரால் பெருக்கியதும் அதே தலைதான். கையைத் தூக்கினேன். அண்ணி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாளிலிருந்தே வரிசை. தகடு ஆறவே இல்லை. ஏழு, ஏழு, ஏழு என்று ஒட்டித் தள்ளினேன். மீட்டர்கூடத் தனக்கு ஒன்று சொல்லி வைத்தான். அதை வாங்க வந்து நின்றிருந்த நேரத்தில்தான் அண்ணி வந்து ஒரு பையிலிருந்து சைரனின் பழைய ஜெர்சியை எடுத்து மேஜையில் விரித்தார். பல சீசன் வெயில் குடித்து வெளுத்த சட்டை. முதுகில் ஏழெழுத்து, ஓரம் வெடித்து.

"இதை எடுத்துடுங்க."

"நிழல் இருக்கும் அண்ணி."

"தெரியும். என் வேலையே கண்ணுக்குத் தெரியறது, தெரியாதது பார்க்கறதுதானே. எடுத்துட்டு இவர் பேரை ஒட்டுங்க."

"சைரன்னா?"

"அது நீங்க வெச்சது. நான் கட்டிக்கிட்ட பேர்." சொன்னார். நாலெழுத்து. இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை. அவரே திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்.

உரித்தேன். ஏழு எழுத்தும் ஒன்றொன்றாக வந்து என் விரலில் ஒட்டிக்கொண்டன. நாலெழுத்தை வெட்டி நடுவில் வைத்தேன். அண்ணி விரலால் இடதுபுறம் தள்ளினார். "அவன் பேர் எங்க தொடங்கிச்சோ அங்கேருந்து."

"கோணலா இருக்கும். மூணெழுத்து நிழல் வால் மாதிரி நீட்டிக்கிட்டுத் தெரியும்."

"தெரியட்டும்."

தகட்டை இறக்கினேன். புகை மாதிரி ஒரு சின்ன வாசனை. மீட்டர் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவன், சுவரிடமே பேசினான்.

"அண்ணி, அன்னிக்கு இந்தச் சட்டையை என்கிட்ட எறிஞ்சப்ப ஒரு வார்த்தை சொன்னார். 'அவகிட்ட குடுத்துடு, வர லேட்டாகும்னு சொல்லு'ன்னார். சட்டையைக் குடுத்தேன். அதைச் சொல்லல. எப்படிச் சொல்றது?"

அண்ணி கொஞ்ச நேரம் சூடு ஆறாத துணியின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். "லேட்டாகும்னுதான் எப்பவும் சொல்லுவார்," என்றார்.

மீட்டர் தான் சொல்லி வைத்த சட்டையை வாங்காமலே போனான். நான் கூப்பிடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை, போகிற வாடிக்கையை நான் கூப்பிடவில்லை.

ஏழு இறங்கிய முதல் மேட்ச். கேலரி நிரம்பி வழிந்தது. எங்கு பார்த்தாலும் நான் ஒட்டிய முதுகுகள். அண்ணி வந்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் அந்தச் சட்டையை, முதுகு மைதானத்தைப் பார்க்கிற மாதிரி மாட்டினார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் ஏழு கோல் போட்டான். பழைய ஏழேதான், இடது காலால், கீப்பருக்குத் தகவல் போவதற்கு முன்னால். எல்லோரும் எழுந்தோம். நானும். வாய் அதுவாகவே திறந்தது. எவனோ ஒருவன் அந்தப் பாட்டைத் தொடங்கினான். தடுக்க நேரமில்லை, கேலரி முழுக்க அந்தப் பெயரை இழுத்துப் பாடியது. ஒரு தட்டு. இரண்டு. மூன்று. நாலு.

அப்புறம் அந்த மூச்சு.

இத்தனை பெரிய மைதானம், கொடிக் கம்பத்தில் கயிறு மோதுகிற சத்தம் கேட்டது. என் பக்கத்தில் நின்றவர் காதைப் பொத்திக்கொண்டார், ஏதோ கேட்டது போல. எனக்கும் கேட்டது என்று சொன்னால் நம்பவேண்டாம்.

ஏழின் கை எழுந்தது. அவன் தூக்கவில்லை; அதுவாக எழுந்தது. பழைய பழக்கம், திரும்பிப் பார்க்காமலே எங்கள் வரிசையைக் காட்டியது. பிறகுதான் கை போன திசையில் தலை திரும்பியது. சட்டையைப் பார்த்தான். அந்த நாலெழுத்துப் பெயரை அவன் ஒரே இடத்தில்தான் கேட்டிருப்பான்: கோர்ட்டில், தன் பெயருக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தபோது.

நீட்டிய கை மடங்கவில்லை. சக ஆட்டக்காரன் ஒருவன் வந்து, கட்டிப்பிடிக்கிற சாக்கில், அந்தக் கையை இறக்கிவிட்டான்.

அண்ணி எழுந்திருக்கவில்லை. போகவும் இல்லை. கடைசி விசில் வரை தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து, பகலில், ஏழு என் கடைக்கு வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் பெயர் ஒட்ட வந்த பையன் மாதிரியே நின்றான்.

"அண்ணே, அந்தச் சட்டையில பின்னாடி மூணெழுத்து தெரியுதே. எடுக்க முடியுமா? எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை."

எவ்வளவு ஆனாலும்! எங்கள் பரம்பரையே காத்திருந்த வாக்கியம். தாத்தாவுக்குக் கேட்டிருந்தால் கல்லறையிலிருந்து எழுந்து வந்து நாற்காலி போட்டிருப்பார். எனக்கு ஒரு தொகையும் வாயில் வரவில்லை.

"எடுக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல தம்பி. நிழல்னு நாங்கதான் சொல்றோம். அது கறை இல்ல. வெயில்ல மத்ததெல்லாம் வெளுத்துப் போச்சு. உன் பேருக்குக் கீழ இருந்த துணி மட்டும் வெளுக்கல. அதுதான் சட்டையோட அசல் நிறம்."

அவன் தலையாட்டினான். "அவங்ககிட்ட நான் போய்..." என்றான். முடிக்கவில்லை. நானும் முடித்துக் கொடுக்கவில்லை. கேட்க வேண்டிய ஆளிடம் கேட்காமல் கடைக்கு வந்துவிட்டான். அன்று திரைக்கு அந்தப் பக்கம் கேட்காதவன், இன்று என்னிடம் கேட்டான். தொப்பியை மாட்டிக்கொண்டு போனான்.

அந்த சீசனில் மேலும் கோல்கள் போட்டான். எதற்கும் கை எழவில்லை, பாட்டும் எழவில்லை. நாங்கள் கீழே இறங்கவில்லை, கேலரி இருக்கிறது. அண்ணி வருகிறார், இரண்டு சீட்டுக்கும் கட்டுகிறார்.

சட்டைக்குக் காசு வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "பேரம் பேசாதீங்க, பில் போடுங்க," என்றார் அண்ணி. போட்டேன், கட்டிவிட்டார். என் பிரதி இன்னும் கல்லாவில் இருக்கிறது. கை தூக்கியவன் நான் என்பதால் அதில் 'பாக்கி' மட்டும் பிறகு நானே எழுதிக்கொண்டது:

எடுத்த எழுத்து, ஏழு. ஒட்டிய எழுத்து, நாலு. பாக்கி, மூன்று.