வந்தாச்சா

என் வீட்டுக்காரருக்கு நாற்பதுக்கு மேல்தான் இந்த ஓட்டக் கிறுக்கு பிடித்தது. பாலைவனத்தில், ராத்திரியில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டுமாம். தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் முதுகுக்குத் தைலம் தேய்க்கச் சொல்கிற மனுஷன்!

என் தம்பிக்கு அந்தப் போட்டியில் கடைசி ஆள் வேலை. எல்லோருக்கும் பின்னால் நடந்து, வழிகாட்ட நட்டிருக்கும் ஒளிரும் குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டே வர வேண்டும். "அவன் பின்னாடி வர்றப்ப எனக்கென்ன பயம்?" என்றார் இவர். நானும் நம்பித் தொலைத்தேன்.

பாதி வழியில் இவருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கிறது. மணல்மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கி விளக்கை அணைத்திருக்கிறார். வெளிச்சம் போட்டுக்கொண்டு யார் உட்காருவார்கள்? அந்த நேரம் பார்த்துத் தம்பி அந்தப் பக்கம் வந்திருக்கிறான். முன்னால் ஒரு விளக்கும் தெரியவில்லை. அடுத்த தண்ணீர்ப் பந்தலை வாக்கிடாக்கியில் கூப்பிட்டு, "மச்சான் வந்தாச்சா?" என்று கேட்டிருக்கிறான். அங்கே இருந்தவன், "வந்தாச்சு, வந்தாச்சு" என்றானாம்.

வந்தது வேறு மச்சான். ஓடுகிறவர்கள் கூட்டத்தில் ஒரு குண்டனுக்கு அதுதான் பட்டப்பெயர். 'வந்துட்டாரா' என்று கேட்டிருந்தாலாவது, அந்த மரியாதையை வைத்து ஆளைப் பிடித்திருக்கலாம். ஆளின் நம்பரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்பது விதி. சொந்த அக்கா புருஷனை எவன் நம்பர் சொல்லிக் கேட்பான்? பாவி, மிச்சக் குச்சிகளையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

முடிவுக்கோட்டில் நான் ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்தேன். குண்டன் வந்தான், அவனுக்கும் பின்னால் நொண்டிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள், கடைசியில் தம்பி வந்தான். "மச்சான் எங்கக்கா?" என்று என்னையே கேட்டான்.

விடிய விடிய ஜீப்பில் தேடினார்கள். வெயில் ஏறியது. நான் கும்பிடாத சாமி இல்லை. உச்சி வெயிலில்தான் கண்டுபிடித்தார்கள். முகத்தைத் துணியால் மூடி ஜீப்பில் கொண்டுவந்தார்கள். தம்பி இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"வழி தவறி ரொம்ப தூரம் போயிட்டாராடா?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டானா என்றிருந்தது.

அவன் தலையைத் தூக்கவில்லை. "இல்லக்கா. சரியா பாதைக்குத்தான் வந்திருக்காரு. நான் குச்சி புடுங்கின குழியையே சுத்திச் சுத்தி நடந்திருக்காரு."