கருமாதி முடிந்தவனின் அழைப்பு

என் தம்பி புவனேசனுக்குக் கருமாதி முடிந்த அடுத்த மாதம் அவன் எனக்கு போன் செய்தான்.

எங்கள் ஊர் பீடோங்கின் காலைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். தெரியாத எண். "அக்கா, நான்தான்," என்றது குரல். பின்னால் யாரோ அதட்டினார்கள். இணைப்பு அறுந்தது. மீன் பை என் கையிலிருந்து நழுவிச் சாக்கடையில் விழுந்ததை மீன்காரர்தான் சொன்னார். அத்தனை கூட்டத்துக்கு நடுவே நின்றபோது எனக்கு வந்தது சந்தோஷமில்லை, பயம். நாங்கள் எரித்து முடித்தவன் எதற்குக் கூப்பிடுகிறான் என்ற பயம்.

அவன் போனது கால் சென்டர் வேலைக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஹட்யாயில் நல்ல கம்பெனி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் தருவார்கள் என்று ஒரு நண்பனின் நண்பன் சொன்னான். பாலிங் வழியாக எல்லையைத் தாண்டினான். அங்கே காத்திருந்த வேன் ஹட்யாயில் நிற்கவே இல்லை. வடக்கே, இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓடும் ஓர் ஆற்றங்கரை வரை கொண்டுபோய், படகில் ஏற்றி, அக்கரையில் முள்வேலி போட்ட கட்டடத்துக்குள் தள்ளிவிட்டார்கள். ஊர் உலகத்தில் இருக்கிறவர்களை எல்லாம் போனில் ஏமாற்றுவதுதான் அங்கே வேலை. மாட்டேன் என்றால் கரண்ட் வைப்பார்கள். இதை ஒருமுறை திருட்டுத்தனமாகக் கூப்பிட்டுச் சொன்னான். அப்புறம் சத்தமே இல்லை.

நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்ததும் உடை மாற்றாமல்கூட ஓடுவேன். அது வேறு நாடு, நம் போலீஸ் அங்கே கால் வைக்க முடியாது என்றார்கள் இங்கே. ஆற்றின் மேல் பாலம் வைத்திருக்கும் நாடு, அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றது. அந்தப் பக்கத்து நாடு, அந்த இடம் எங்கள் கையில் இல்லை, துப்பாக்கி வைத்திருப்பவர்களின் கையில் இருக்கிறது என்றது. ஒருவரிடம் நிலம், ஒருவரிடம் பாலம், எங்களிடம் காணாமல் போன பிள்ளைகள். மூன்று பேரும் சேர்ந்து அசைந்தால்தான் ஏதாவது நடக்கும் என்பது எனக்கே புரிந்தது. அவர்களுக்குப் புரியத்தான் நாளானது.

கடைசியில் மூன்று நாட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். கைகளைக் குறுக்கே கோத்துக்கொண்டு வரிசையாக நின்று சிரித்ததை டிவியில் காட்டினார்கள்.

"எல்லாரு கையும் இங்கல்ல இருக்கு? அப்பறம் அங்க கதவ யாரு தொறக்கிறது?" என்று கேட்டாள் அம்மா.

எங்கள் அம்மா பிச்சையம்மாள் அப்படித்தான். அப்பா போன பிறகு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டி எங்கள் இருவரையும் வளர்த்தவள். புவனேசன் கிளம்பிய அன்று தோட்டத்து முனியாண்டி கோயிலில் ஒரு செப்புத் தாயத்து வாங்கிச் சிவப்புக் கயிற்றில் கோத்து அவன் கழுத்தில் கட்டினாள். தாயத்தின் மூடி லூசாக இருந்தது. அதைத் தன் பல்லால் கடித்து நசுக்கி மூடினாள். செம்பில் அவளுடைய பல் தடம் பதிந்துபோனது. "ஆயி வாயி பட்டது, எந்தப் பேயும் அண்டாது போடா," என்றாள். அவன் வெட்கப்பட்டுச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

அந்தப் பல் தடம்தான் எங்களை ஏமாற்றியது.

காணாமல் போனவர்களின் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். ஒருநாள் அதில் ஒரு படம் வந்தது. அந்தக் கட்டடத்தின் மேல் மாடியிலிருந்து குதித்த ஓர் ஆள். முகம் என்று சொல்ல எதுவுமில்லை. கழுத்தில் சிவப்புக் கயிறு, செப்புத் தாயத்து. அம்மா என் போனைப் பிடுங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். மூடியில் இருந்த தடத்தைப் பார்த்தாள். அழவில்லை. "என் பல்லுதான்," என்றாள்.

அன்றைக்கே, பாலாய் என்று நாங்கள் சொல்லும் போலீஸ் நிலையத்துக்குப் போய், படத்தில் இருப்பது என் மகன்தான் என்று வாக்குமூலம் கொடுத்து விரல் ரேகை வைத்தாள். அவனைத் தேடும் வேலை அதோடு முடிந்தது. உடல் வராது என்றார்கள். அதைக் கேட்கக்கூட எந்த நாட்டிடம் போவது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஒடம்பு கெடைக்காட்டி தர்ப்பப் புல்லுல உருவம் செஞ்சி எரிச்சிடலாம்மா. ஆத்மா அலையக்கூடாது," என்றார் பண்டாரம் சின்னையா. அப்படியே செய்தோம். புல் பொம்மைக்குப் புவனேசனின் பந்து விளையாடும் ஜெர்சியைப் போட்டுவிட்டோம். பழைய தோட்டத்துச் சுடுகாட்டைச் சுற்றி இப்போது ரப்பர் இல்லை, செம்பனைதான். கொள்ளி வைக்க ஆண் பிள்ளை யார் என்று பண்டாரம் கேட்டார். பெற்றவள் நானே வைக்கிறேன் என்று அம்மா தீப்பந்தத்தை வாங்கிக்கொண்டாள். ஜெர்சி உருகி எரிந்தது. அந்த நைலான் நாற்றம் எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது. மெர்போக் ஆற்றில் சாம்பலைக் கரைத்து, தலை முழுகி, கருமாதி முடித்த பிறகும் சோற்றுப் பானையைத் திறந்தால் அந்த நாற்றம் அடித்தது. எனக்கு மட்டும்தானோ என்று நினைத்தேன். அம்மாவும் மூக்கை மூடிக்கொண்டுதான் சோறு போட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் சந்தையில் அந்த போன்.

வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அது அவன் இல்ல."

"கொரலு எனக்குத் தெரியாதாம்மா?"

"இப்பதான் மிஷின்லயே கொரலு செய்றானுங்களாமே, நீதானே சொன்ன? இல்லாட்டி அது வேற என்னமோ. கருமாதி முடிஞ்சவன் கூப்பிட்டா பதில் சொல்லக்கூடாது. சொன்னா அவனும் போவமாட்டான், நம்மளையும் விடமாட்டான்."

மறுபடியும் கூப்பிட்டான். நான் எடுப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கி அரிசி அண்டாவுக்குள் போட்டு மூடினாள். அரிசிக்குள்ளிருந்து அது அடித்து அடித்து ஓய்ந்தது. நான் அதை எடுக்கவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியான வேளையில் ஷாஹிர் கூப்பிட்டார். எங்கள் தூதரகத்தில் இந்த வேலையைப் பார்க்கும் அதிகாரி. அலோர் ஸ்டார் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பையன். இத்தனை மாதங்களில் என் போனை எடுத்த ஒரே அரசாங்க ஆள்.

"யோகேஸ்வரி அக்கா, நான் பாலத்துலேருந்து பேசறேன். மூணு நாட்டு ஆளுங்களும் இங்க இருக்கோம். அந்தக் கட்டடத்தத் தொறந்துட்டாங்க, பஸ் பஸ்ஸா ஆளுங்க வர்றாங்க. அவங்கவங்க நாடு அவங்கவங்க ஆள அடையாளம் சொல்லிக் கூட்டிக்கணும், அதான் பேச்சு. இங்க ஒருத்தர் புவனேசன்னு சொல்றாரு. பாஸ்போர்ட் இல்ல. ஆனா நம்மகிட்ட புவனேசன் எறந்துட்டதா இருக்கே, அக்கா."

"அது என் தம்பிதான், நான் சொல்றேன். கூட்டிக்குங்க!"

"நீங்க சொன்னா பத்தாதுக்கா. செத்துட்டான்னு சொன்னது உங்கம்மா. சொன்னவங்களே மாத்திச் சொல்லணும். பாலத்த சாயந்தரம் மூடிருவாங்க. யாரும் ஏத்துக்காதவங்கள அதே பஸ்ஸுல திருப்பி அனுப்புறாங்க. நாளைக்கி இந்த மூணு பேரும் பேசிக்குவாங்களான்னு எனக்கே தெரியாது. சுசா லா, ரொம்பக் கஷ்டம் அக்கா. இன்னிக்கி விட்டா விட்டதுதான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசாத நாடுகள் எல்லாம் ஒருவழியாக ஒரு பாலத்தில் வந்து நிற்கின்றன. துப்பாக்கிக்காரன் கதவைத் திறந்துவிட்டான். படகு, பஸ், முத்திரை எல்லாம் தயார். மிச்சமிருப்பது பீடோங்கில் வெங்காயம் உரிக்கும் ஒரு கிழவியின் ஒரு சொல்.

ஷாஹிர் வீடியோவில் வந்தார். போனைத் திருப்பினார். ஒட்ட வெட்டிய முடி, ஒடுங்கிய கன்னம், ஒரு கண் வீங்கியிருந்தது. எங்கள் புவனேசன்தான். போனை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"பாருமா. ஒரே ஒரு தடவ பாரு!"

"பாக்கமாட்டேன்."

"உன் பிள்ளம்மா!"

"என் பிள்ளைய நான் எரிச்சிட்டேன்டி!" என்று கத்தினாள். "இந்தக் கையாலதானே கொள்ளி வெச்சேன்? சாம்பல இந்தக் கையாலதானே அள்ளினேன்? இவன் உசுரோட இருந்தா நான் என்னா செஞ்சேன், சொல்லு? உசுரோட இருக்கிற பிள்ளைக்குக் கொள்ளி வெச்ச தாயி உலகத்துல உண்டா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் பேய்க்குப் பயப்படவில்லை. அவன் செத்திருந்தால் அவள் கடமையைச் செய்த தாய். உயிரோடிருந்தால் அவளே அவனைக் கொன்றவள். எனக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. அந்தச் சின்ன வீட்டில் மறுபடியும் நைலான் எரிந்த நாற்றம் அடித்தது, நிஜமாகவே அடித்தது.

"அம்மா," என்றான் புவனேசன் போனுக்குள்ளிருந்து.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் கேட்டாள். "நீ புவனேசனா இருந்தா தாயத்து எங்க?"

ஷாஹிரின் பின்னால் யாரோ வேறு மொழியில் அவசரப்படுத்தினார்கள்.

"குடுத்துட்டேம்மா. பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் இருந்தான். எந்த நாடுன்னு தெரியல, அவன் பாஷை அங்க யாருக்கும் தெரியாது. கைய ரொம்பத் தூரமா காட்டுவான், அவ்ளோதான். ராத்திரியெல்லாம் நடுங்குவான்மா, அழுவான். கரண்ட் வெச்ச அன்னிக்கி அவன் என் தாயத்தையே பாத்துக்கிட்டு இருந்தான். கழட்டி அவனுக்குக் கட்டிட்டேன். எங்கம்மா கடிச்சது, பயப்படாதன்னு பல்லக் காட்டி நடிச்சிக் காட்டினேன். சிரிச்சான். அப்பறம் ஒரு நாளு மேல் மாடியிலேருந்து..."

புவனேசன் புறங்கையால் முகத்தைத் துடைத்தான்.

அம்மா கண்ணைத் திறந்தாள். அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். விரலால் போன் திரையில் அந்த வீங்கின கண்ணைத் தொட்டாள். படம் அசைந்து பெரிதானது. அவள் கையை எடுக்கவில்லை.

"இவன் என் மகன்," என்றாள் ஷாஹிரிடம். "புவனேசன். நான் பெத்தவன். நான் எரிச்சது வேற பிள்ளைய. நான் பொய்யாச் செய்யல, செத்த பிள்ளைக்குத்தான் செஞ்சிருக்கேன். எழுதிக்கய்யா."

புவனேசன் வீடு வந்து சேர்ந்தான். வந்துவிட்டான் என்று சொல்கிறேன், முழுதாக வந்தான் என்று சொல்ல மாட்டேன். போன் அடித்தால் எழுந்து நேராக உட்கார்ந்து இனிமையான குரலில் ஆங்கிலத்தில் பேச ஆரம்பிப்பான், அப்புறம்தான் எங்கே இருக்கிறோம் என்று பார்ப்பான். சிவப்புக் கயிற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பண்டாரம் சின்னையா வந்து, கருமாதி முடிந்தவனை அப்படியே சேர்க்கக்கூடாது, பிறந்த பிள்ளைக்குச் செய்வதையெல்லாம் மறுபடியும் செய்ய வேண்டும் என்றார். அம்மா அவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

"அது வேற பிள்ளைக்குச் செஞ்ச கருமாதிங்க. இவனுக்கு ஒண்ணுமே நடக்கல."

தீபாவளிக்கு முன்பு ஷாஹிர் வீட்டுக்கு வந்தார். வாக்குமூலத்தை முறையாக மாற்ற ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. அம்மா காப்பி கொடுத்தாள். அந்த மூன்று நாடுகளும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன, அடுத்த கூட்டத்துக்கு இன்னும் சில நாடுகள் வருகின்றன என்றார் அவர். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

"அந்தப் பிள்ளையோட நாடு வருதா?" என்று கேட்டாள் அம்மா.

"எந்த நாடுன்னே தெரியலையே, அத்தை. அங்க எல்லாருக்கும் பொய்ப் பேருதான். புவனேசனுக்கும் அவர் பேரு தெரியாது. அவருக்காக யாரும் கேக்கல, எந்த நாடும் கேக்கல. யாரக் கூப்பிடறது?"

"அவன் ஆயி ஒருத்தி எங்கியோ போனப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. அவளுக்கு இன்னும் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அப்ப எல்லா நாட்டையும் கூப்பிடு," என்றாள் அம்மா.

ஷாஹிர் சிரிக்கவில்லை. காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

தீபாவளிக்கு முதல் நாள் இறந்தவர்களுக்குப் படையல் போடுவது எங்கள் வழக்கம். அம்மா அப்பாவுக்கு ஓர் இலை போட்டாள், ஆட்டிறைச்சி, முறுக்கு, அவர் குடிக்கும் பீர் எல்லாம் வைத்து. பக்கத்தில் அந்தப் பிள்ளைக்கு இன்னோர் இலை விரித்தாள். அதில் என்ன வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அவன் என்னாடா சாப்பிடுவான்?" என்று புவனேசனைக் கேட்டாள்.

"தெரியலம்மா. அங்க குடுத்தத எல்லாரும் சாப்பிட்டோம்."

எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்தாள். சூடம் ஏற்றினாள். பெயர் சொல்லி அழைக்கும் நேரம் வந்தது. அப்பாவை அழைத்தாள். அடுத்த இலைக்கு முன்னால் வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். புவனேசன் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தான்.

பிறகு அம்மா தன் பல்லைக் காட்டினாள், தாயத்தைக் கடித்த அதே பல்லை, அந்தப் பிள்ளைக்கு எங்கிருந்தாலும் அடையாளம் தெரியட்டும் என்பதுபோல. "வாய்யா. நான்தான். வந்து சாப்பிடு," என்றாள்.